அன்னையரைக் காத்த அம்மையார்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் ஓர் அரிய காட்சியைக் கண்டிருப்பார்கள். தேரோடும் திருநாளன்று மாட வீதிகளில் மக்கள் வெள்ளம் அலைமோதும். அவ்வெள்ளத்தினிடையே இளந்தம்பதியர் பலர் கரும்புத் தொட்டில் சுமந்து வருவர். நெடிய கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றிலே புடைவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதனுள் தம் குழந்தையைக் கிடத்தி, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகத் தோள் கொடுத்து, அண்ணாமலையார் திருக்கோயிலை வலம் வருவர். மகப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டவர், அப்பேறு வாய்த்தபின் செலுத்தும் நன்றிக்கடன் அது. தொட்டிலிலே கிடக்கும் குழந்தை கூட்டத்தையும் அறியாது, ஆரவாரத்தையும் அறியாது, அமைதியாக உறங்கும்.

கரும்புத் தொட்டிலைச் சுமக்க இருவர் தோள் வேண்டும். ஒன்று தந்தையின் தோள்; மற்றொன்று தாயின் தோள். நூறாண்டுகளுக்கு முன்னர் இவ்விரண்டாம் தோள் பல தொட்டில்களுக்குக் கிட்டவில்லை. பிள்ளையைப் பெற்றெடுக்கும் முயற்சியிலேயே உயிர் நீத்த மகளிர் ஊர்தோறும் இருந்தனர். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் வழங்கியது வெற்றுரையன்று. கண்டு தெளிந்த உண்மை.

அந்நிலையை மாற்றுவதற்காகத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர்களுள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சி வழியாகச் செல்லும் சாலை திண்டிவனத்தை அடைகிறது. வடக்கே செல்லும் சாலை வேலூரை அடைகிறது. அம்மையார் உள்ளத்தை ஓர் இரவில் மாற்றிய ஊர் திண்டிவனம்; அம்மாற்றம் கனிந்து பயன் தந்த ஊர் வேலூர்.

ஐடா அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் பிறந்த குடி மருத்துவத் தொண்டுக்குப் பெயர் பெற்ற அமெரிக்கக் குடி. அவருடைய பாட்டனாராகிய ஜான் ஸ்கடர், நியூயார்க் நகரில் மருத்துவராக விளங்கியவர். அவர் அவ்வாழ்வைத் துறந்து 1819-ஆம் ஆண்டில் கப்பலேறி, இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் கிறித்தவ சமயப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றினார். பின்னர் 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மைந்தர் பலரும் அப்பணியையே மேற்கொண்டனர். அவர்களுள் தந்தையின் பெயரையே தாங்கிய மற்றொரு ஜான் ஸ்கடர் ஐடாவுக்குத் தந்தையார். சோபியா என்பவர் தாயார்.

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயது நடந்தபோது தமிழ்நாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். பசியால் நலிந்து எலும்பும் தோலுமாக வந்த சிறுவர்க்கு அவர் பெற்றோர் உணவளித்தனர். கையை உயர்த்தவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டும் பணி சிறுமி ஐடாவுக்கு வாய்த்தது. விளையாட வேண்டிய பருவத்தில் கண்ட அக்காட்சிகள் அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாயின.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்பீல்டு என்னும் ஊரிலுள்ள பெண்கள் பள்ளியில் பயின்றார். அழகும் அறிவும் சுறுசுறுப்பும் வாய்ந்த அந்நங்கை, தம் குடும்பத்தார் செல்லும் வழியில் தாம் செல்வதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். பஞ்சமும் நோயும் மலிந்த நாட்டுக்கு மீண்டும் செல்ல அவர் விரும்பவில்லை. பிறந்த குடியின் பெருமை ஒருவரைத் தானே தொண்டராக்கிவிடாது என்பதற்கு அவரது இளமையே சான்றாகும்.

1890-ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். தாயாருக்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்பிவிடலாம் என்னும் எண்ணத்தோடு ஐடா இந்தியாவுக்கு வந்தார். அவ்வெண்ணத்தை ஓர் இரவு மாற்றியது.

அன்றிரவு அவர் தனித்திருந்து படித்துக்கொண்டிருந்தார். வாயிலில் காலடியோசை கேட்டது. அந்தணர் ஒருவர் வந்து நின்றார். தம் இளம் மனைவி பிள்ளைப்பேற்றின் துன்பத்தில் உயிருக்குப் போராடுவதாகவும், ஊர் மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும் கூறி, ஐடா உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்று இறைஞ்சினார். தாம் மருத்துவம் கல்லாதவர் என்றும், மருத்துவரான தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா தெரிவித்தார். அந்தணர் அதற்கு இசையவில்லை. அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டு மகளிரைக் காண்பது வழக்கமன்று என்றும், அதனினும் அவள் இறப்பதே தக்கது என்றும் சொல்லி வருத்தத்தோடு திரும்பினார்.

அவர் சென்ற சிறிது நேரத்தில் முஸ்லிம் அன்பர் ஒருவர் வந்தார். அவர் வேண்டியதும் அதுவே, மறுத்ததும் அதுவே. அவர் சென்றபின் உயர்குடி இந்து ஒருவர் வந்தார். அவர் மனைவியும் அவ்வாறே துன்புற்றுக் கிடந்தாள். அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. ஒரே இரவில் மூவர் வந்தனர். மூவரும் வெறுங்கையோடு மீண்டனர். சமயத்தால் வேறுபட்ட அவர்கள், துயரத்தாலும் வழக்கத்தாலும் ஒன்றுபட்டிருந்தனர்.

ஐடாவுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாப்பறை ஒலித்தது. நடுக்கத்தோடு ஏவலரை அனுப்பி அம்மூன்று இல்லங்களின் செய்தியை அறிந்துவரச் செய்தார். மூன்று பெண்களும் இறந்துபட்டனர் என்ற சொல்லே வந்தது.

அம்மரணங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் மருத்துவர் இல்லாமல் அவர்கள் இறக்கவில்லை, மருத்துவர் இருந்தார். அவர் செல்ல மறுக்கவில்லை. செல்ல ஆயத்தமாகவே இருந்தார். கணவன்மார் மனைவியரை வெறுத்தவரல்லர். இருளில் ஓடிவந்து பிறர் வாயிலில் நின்றவர். மருந்து ஒரு பக்கம் இருந்தது. நோயாளி மறுபக்கம் இருந்தாள். இரண்டுக்கும் இடையே கடக்கவொண்ணாத வழக்கம் என்னும் ஆறு ஓடியது.

நம் நாட்டார் இத்துன்பத்தை முன்பே உணர்ந்திருந்தனர். திருச்சிராப்பள்ளி மலையில் எழுந்தருளிய இறைவனைத் தாயுமானவர் என்று வழங்குகிறோம். பேறுகாலத்தில் இருந்த இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குத் துணைசெய்யப் புறப்பட்ட தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தால் அக்கரையிலேயே தங்கிவிட, இறைவனே தாய் வடிவில் சென்று அவளுக்கு மகப்பேறு பார்த்தான் என்பது அத்தலத்து வரலாறு. உரிய வேளையில் உரிய துணை வந்து சேராமையே பெருந்துன்பம் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. திண்டிவனத்தில் அன்று ஆற்றைக் கடக்க எவரும் இலர். அதைக் கடக்கத் தாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஐடா துணிந்தார். காலையில் பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, இந்நாட்டு மகளிர்க்குத் தொண்டு செய்ய மீண்டு வருவதாகத் தம் முடிவைத் தெரிவித்தார்.

அக்காலத்தில் தமிழ்நாட்டில் பெண் மருத்துவரே இல்லை என்பதன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே மகளிரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாறு பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார் 1885-இல் சென்னையில் கோஷா மகளிர்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றை நிறுவினார். ஆயினும் தலைநகரில் ஏற்றிய விளக்கின் ஒளி திண்டிவனத்துத் தெருவரை எட்டவில்லை. சிற்றூர்களின் நிலையோ சொல்லுந்தரமன்று.

ஐடா 1895-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1898-இல் பெண்களுக்கும் இடமளித்தபோது அங்கே மாறிச் சென்று, 1899-இல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குப் புறப்படுமுன் மருத்துவமனை எழுப்பப் பொருள் தேடினார். வங்கித் தொழிலில் செல்வம் ஈட்டிய ஷெல் என்னும் முதியவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் 10,000 டாலர் நல்கினார். அப்பொருளோடும், ஆனி ஹான்காக் என்னும் தோழியோடும் ஐடா அம்மையார் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் தந்தையாரின் அருகிருந்து அனுபவம் பெறலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். வழிகாட்டி இல்லை, மருத்துவமனை இல்லை, மக்களுக்கு அவரிடம் நம்பிக்கையும் இன்னும் பிறக்கவில்லை. இந்நிலையிலும் அவர் தளரவில்லை. ஒரே ஒரு படுக்கையிட்டு மருத்துவம் தொடங்கினார். முதலில் தயங்கியவர்கள் மெல்ல மெல்ல வரலாயினர். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். 1902-ஆம் ஆண்டில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பெற்றது. திண்டிவனத்து மூவரும் வேண்டிய பெண் மருத்துவர் இப்போது வேலூரில் இருந்தார்.

ஆயினும் மருத்துவமனையைக் கட்டிவிட்டால் மகளிர் பிழைத்துவிடுவர் என்று கருதுதல் தவறு என்பதை அம்மையார் விரைவில் கண்டார். பெண்கள் பலர் மிகவும் காலந்தாழ்ந்தே வந்தனர். பிள்ளைப்பேற்றில் தாயின் உயிரைக் கவரும் கேடுகள் பல. பேற்றுக்குப்பின் உதிரப்போக்கு நில்லாமற்போதல் ஒன்று. கருப்பையில் நச்சுக்கிருமி புகுந்து காய்ச்சல் காணுதல் ஒன்று. குருதி அழுத்தம் மிகுந்து வலிப்புத் தோன்றுதல் ஒன்று. குழந்தை வெளிவர வழியின்றித் தடைப்படுதல் ஒன்று. முன்பே உடலில் சோகை இருந்தால் இக்கேடுகள் இருமடங்கு கொடியனவாகும். உதிரப்போக்கு மிகுந்த ஒரு தாய் சில மணி நேரத்திற்குள் உயிரிழத்தல் கூடும். அத்தகையவளுக்கு நாளை வரும் மருத்துவர் இல்லாத மருத்துவரே ஆவர்.

தாய் இறப்பதற்குக் காரணமாகும் தாமதங்களை மருத்துவ அறிஞர் இன்று மூன்றாக வகுத்துக் கூறுவர். நோயின் தன்மையை உணர்ந்து மருத்துவரிடம் செல்வதென்று முடிவு செய்வதில் தாமதம் ஒன்று; புறப்பட்டபின் வழியிலே ஏற்படும் தாமதம் இரண்டாவது; சென்று சேர்ந்த இடத்தில் தக்க மருத்துவம் கிட்டுவதில் தாமதம் மூன்றாவது. இவ்வகுப்பு நூலில் எழுதப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, ஐடா அம்மையாரின் வாழ்க்கை இம்மூன்றையும் எதிர்த்து நிகழ்ந்த போராட்டமாக அமைந்துவிட்டது.

வழியின் தாமதத்தைப் போக்க, நோயாளி இருக்கும் இடத்திற்கே மருத்துவம் செல்லவேண்டும் என்று அவர் கருதினார். 1906-ஆம் ஆண்டு முதல் மாட்டு வண்டியிற் சென்று சாலையோரத்தில் மருத்துவம் பார்த்தார். 1909-இல் பிரான்சு நாட்டிற் செய்த சிறு மோட்டார் வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்குமுன் மோட்டாரைக் கண்டறியாத சிற்றூரார், பேயொன்று உறுமி வருவதாக அஞ்சி ஓடினர் என்பர். பிறகு அவ்வொலியையே எதிர்நோக்கி மரநிழல்களில் காத்திருக்கலாயினர். புண்ணைக் கழுவி மருந்திடுதலும், பல் பிடுங்குதலும், காய்ச்சலுக்கு மருந்தளித்தலும் அங்கேயே நிகழ்ந்தன. கருவுற்ற மகளிரைக் கண்டு, இடர் நேரக்கூடியவரை முன்னரே மருத்துவமனைக்கு வரும்படி அறிவுறுத்தவும் அச்சாலையோரம் பயன்பட்டது. பல்லைப் பிடுங்கக் கண்டு பெற்ற நம்பிக்கையே, பின்னொரு நாள் பேறுகாலத்தில் மனைவியை வண்டியிலேற்றி அனுப்பும் துணிவைக் கணவனுக்குத் தந்தது. இவ்வாறு முதல் தாமதமும் குறையத் தொடங்கியது.

ஊர் மருத்துவச்சியரைக் குறைகூறி இகழ்தல் அறமன்று. கூப்பிட்ட குரலுக்கு நள்ளிரவிலும் ஓடிவந்து, ஏழை எளியவர்க்குத் துணைநின்றவர் அவரே. இயல்பான பேற்றை அவர் கைகள் நன்கறியும். கண்ணுக்குப் புலனாகாத நச்சுக்கிருமியைப் பற்றிய அறிவு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. அவ்வறிவு ஐரோப்பிய மருத்துவர்க்கே காலந்தாழ்ந்துதான் வந்தது. வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்பவர் 1847-ஆம் ஆண்டில், மருத்துவர்கள் சுண்ணக் கலவை நீரால் கை கழுவிய பின்னரே தாயரைத் தொடவேண்டும் என்று விதித்தார். அதனால் பேறுகாலக் காய்ச்சலின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் அவர் காலத்து மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. கை கழுவுதல் என்னும் சிறு செயலில் எத்தனை அன்னையரின் உயிர் அடங்கியிருந்தது!

மூன்றாவது தாமதம் எஞ்சி நின்றது. வருபவர் பெருகினர், மருத்துவரோ மிகச் சிலர். ஒருவருடைய இரண்டு கைகள் எத்தனை பேரைக் காக்க இயலும்? அன்று திண்டிவனத்தில் மூன்று இல்லங்களிலிருந்து ஒரே இரவில் அழைப்பு வந்தது. ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தாலும் அம்மூவரையும் காத்திருத்தல் அரிதே. ஆதலின் தாம் ஒருவர் பலராதல் வேண்டும் என்று அம்மையார் உணர்ந்தார். 1909-ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதற்கடுத்து, இந்நாட்டுப் பெண்களுக்கே மருத்துவக் கல்வி அளிக்கும் பள்ளியொன்றை நிறுவ அவர் முனைந்தார்.

அம்முயற்சி வெல்லும் என்று அரசாங்க அதிகாரிகள் எதிர்பார்க்கவில்லை. பெண்களில் மருத்துவம் பயில முன்வருவோர் மிகச் சிலரே இருப்பர் என்று கருதினர். 1918-ஆம் ஆண்டில் பள்ளி தொடங்கியபோது 151 பெண்கள் விண்ணப்பம் செய்திருந்தனர். இடமும் பொருளும் போதாமையால் அவர்களுள் மிகச் சிலரையே சேர்த்துக்கொள்ள முடிந்தது. கட்டடம் குறைவு; கருவிகள் குறைவு; ஆசிரியரும் குறைவு. அம்மையாரே பாடம் நடத்தினார். அவரே அறுவை மருத்துவம் செய்தார். அவரே நிருவாகமும் பார்த்தார். ஆடவர் பள்ளிகளிலேயே ஐவரில் ஒருவர்தாம் தேறுவர் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். அரசாங்கத் தேர்வின் முடிவு வந்தபோது வேலூர் மாணவியர் பதினால்வரும் தேறியிருந்தனர். 1922-இல் அப்பதினால்வரும் மருத்துவராக வெளிவந்தனர். அவர்கள் செல்லும் ஊர்களில் எல்லாம் ஒரு வாயில் திறக்கும் என்பதே அம்மையாரின் நம்பிக்கை.

மருத்துவப் பணி வளர வளர, 1920-களில் நகரின் நடுவே பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் 200 ஏக்கர் நிலத்தில் பள்ளிக்குரிய கட்டடங்கள் எழுந்தன. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வேலூர் செல்லும் இருப்புப்பாதை, சுற்றுவட்டார ஊர்களை அந்நகரோடு இணைத்தது.

1938-ஆம் ஆண்டில் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. மருத்துவப் பள்ளிகள் அளித்துவந்த சான்றிதழ்ப் படிப்பு இனி இல்லை என்றும், பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே நடைபெறவேண்டும் என்றும் சென்னை மாகாண அரசாங்கம் முடிவு செய்தது. நாட்டு மருத்துவத்தின் தரம் உயர்தற்கு அவ்விதி வேண்டியதே. ஆனால் அதற்கு மிகுதியான படுக்கைகளும், பட்டம் பெற்ற பேராசிரியரும், ஆய்வுக்கூடங்களும் வேண்டும்; அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டும். உரிய காலத்தில் இவை அமையாவிடில், இருபதாண்டு உழைப்பும் பாழாகிவிடும்.

அம்மையாருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு கொள்ள வேண்டிய அவ்வயதில், உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1941-ஆம் ஆண்டில், பொருள் திரட்ட அமெரிக்கா சென்றார்; நகர் நகராகச் சென்று பேசினார். அங்கே மற்றொரு சிக்கலும் எதிர்ப்பட்டது. பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி ஆடவருக்கும் இடமளித்தால் பல திருச்சபைகளின் துணை கிட்டும். ஆனால் நெடுநாள் தோள் கொடுத்த நண்பர் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்குப் பெண்களால் அமைந்த நிறுவனம் தன் இயல்பை இழந்துவிடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சமும் பொருளற்றதன்று. அம்மையார் நெடிது எண்ணினார். நிறுவனத்தின் உருவம் மாறினாலும் தொண்டு நிலைத்தல் வேண்டும் என்று முடிவு செய்து, பழைய நட்புகள் நைந்துபோகும் துயரத்தையும் ஏற்றுக்கொண்டார்.

1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947-இல் ஆடவரும் மாணவராகச் சேர்க்கப்பெற்றனர். இதற்கிடையே 1946-இல் அம்மையார் பொறுப்பினின்றும் விலகினார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில், விசாகப்பட்டினத்தில் பிறந்தவரும் மகப்பேற்று மருத்துவத்தில் வல்லவருமான ஹில்டா லாசரஸ் அம்மையார், கல்லூரியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். தாம் தொடங்கிய பணியை இந்நாட்டுப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்றல் ஐடா அம்மையாருக்கு இழப்பாகத் தோன்றவில்லை. அதுவே பணியின் பயன்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையிலும் பந்தாட்டத்தில் பெருவிருப்பம் உடையவர். தோட்டம் வளர்ப்பதில் தளராத ஆர்வம் உடையவர். கோடைக்கானலில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த அவர், 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார்.

ஒரு நிறுவனம் எவ்வளவு சிறந்ததாயினும், ஒரு நாட்டுத் தாயர் அனைவரையும் அது ஒன்றே காத்துவிடாது. அதற்கு அரசின் சட்டமும் திட்டமும் வேண்டும். உடல் முதிராச் சிறுமியர் தாயாவது பேறுகால மரணத்திற்கு ஒரு காரணம். 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்தது. இன்று அது பதினெட்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து பெண்களின் நலத்துக்காக வாதாடினார். 1952-ஆம் ஆண்டு முதல் நாட்டுப்புறங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. கருவுற்ற ஏழை மகளிர்க்கு ஊட்டமும் ஓய்வும் கிடைத்தற்பொருட்டு வழங்கப்பெறும் அரசு உதவித்தொகை, இன்று முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயராலேயே விளங்குகிறது.

இவற்றின் பயன் கண்கூடு. 2001 முதல் 2003 வரையிலான கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் குழந்தைகள் பிறக்கும்போது 134 தாயர் இறந்தனர். அப்போது இந்தியா முழுவதற்கும் அவ்வெண் 301. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் தமிழ்நாட்டில் அது 54 ஆகவும், இந்தியாவில் 97 ஆகவும் குறைந்தது. சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருத்தல், அழைத்தவுடன் வரும் 108 ஊர்தி, தொலைவிலுள்ள மலைவாழ் மகளிர் முன்னரே வந்து தங்குதற்குரிய பேறுகாலக் காத்திருப்பு அறைகள், இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்துக்கும் காரணம் ஆராய்தல் ஆகியவை இதற்குத் துணைசெய்தன. இவை யாவும் அம்மூன்று தாமதங்களைக் களையும் வழிகளே என்பதை மாணவர் எளிதில் உணரலாம்.

ஆயினும் பணி முற்றுப்பெறவில்லை. உலக முழுவதிலும் 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலும் பேறுகாலத்திலும் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர், உரிய வேளையில் உரிய துணை கிட்டியிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மகிழும்போதும், எஞ்சிய எண் ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் தாய் என்பதை மறத்தல் ஆகாது.

செல்வமும் இளமையும் அழைத்த திசையில் சென்றிருந்தால், ஐடாவை எவரும் பழித்திருக்க மாட்டார்கள். கேட்டவுடன் மறந்துவிடத்தக்க மூன்று குரல்களை அவர் மறக்கவில்லை, அவ்வளவே. அவர்கள் வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார் என்று அவர் விலகவில்லை. தம்மால் இயலாது என்று ஓரிரவு சொல்ல நேர்ந்ததை, இயலும் என்று ஆக்குவதற்கு ஐம்பதாண்டுகளுக்கு மேலாக உழைத்தார்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவில், 2,668 அடி உயர்ந்த அண்ணாமலையின் உச்சியில் ஏற்றும் விளக்கு சுற்றிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் தெரியும். அதன் அடிவாரத்து வீதியில் கரும்புத் தொட்டில்கள் இன்றும் அசைந்து செல்கின்றன. ஒரு முனையில் தந்தையின் தோள்; மறுமுனையில் தாயின் தோள். அந்த இரண்டாம் தோள் ஒவ்வொரு தொட்டிலுக்கும் நிலைத்திருக்கச் செய்வதே ஐடா அம்மையார் நமக்கு விட்டுச் சென்ற கடமையாகும்.